விண்ணப்பித்த நாள் முதல் இன்று வரை: என் விவரங்களை என் அலுவலகம் வைத்திருக்கும் விதம்

அரசு வேலைத் தேர்வுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வினாத்தாள் எப்படி, கட்-ஆஃப் எவ்வளவு, முடிவு எப்போது என்று எழுதுவார்கள். அதெல்லாம் தேவைதான். நான் எழுத நினைப்பது வேறு. விண்ணப்பத்தில் நாம் எழுதிக் கொடுக்கிற பெயர், சாதி, கணவர் பெயர், செல்போன் எண் எல்லாம் அந்த அலுவலகத்துக்குள் போன பிறகு என்ன ஆகின்றன என்பதைப் பற்றி. ஒரே நிறுவனத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டேன். முதலில் விண்ணப்பித்தவளாக வெளியே நின்றேன். 2023 முதல் ஊழியராக உள்ளே இருக்கிறேன். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் கிளை உள்ள ஒரு பொது நிறுவனம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

2021 ஜனவரியில் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்தேன். என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் இரண்டாம் வகுப்பு. இணையதளம் நன்றாகத்தான் வேலை செய்தது. நடுவில் கரண்ட் போனது, திரும்ப வந்து பார்த்தால் நிரப்பியதெல்லாம் அப்படியே இருந்தது. கட்டண விலக்கு தானாகவே கணக்கில் வந்தது. பதிவெண் உடனே குறுஞ்செய்தியில் வந்தது. இதற்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

படிவம் கேட்ட கேள்விகளுக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை. அப்பா பெயர், அம்மா பெயர், கணவர் பெயர், மதம், சாதி, உட்பிரிவு, ஆதார் எண், நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, உடம்பில் இரண்டு அடையாள மச்சம். எல்லோரிடமும், முதல் நாளே. எழுத்துத் தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகிறவர்கள் ஒரு காலியிடத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். தேறாமல் போகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு எங்கே மச்சம் இருக்கிறது என்பது அந்த அலுவலகத்துக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஆள்மாறாட்டத்தைத் தடுக்க என்றால் போட்டோவும் கையெழுத்தும் இருக்கின்றன. மற்றதைச் சரிபார்ப்புக்கு வருகிறவர்களிடம் மட்டும் கேட்டால் போதும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தப் படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்புகிறவர்கள் குறைவு. பிரவுசிங் சென்டர் தம்பிதான் நிரப்பிக் கொடுப்பார். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் எல்லாவற்றையும் 200 கேபிக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும் என்பார்கள், அது நமக்கு வராது. அவர் ஸ்கேன் செய்ததெல்லாம் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியிலேயே கிடக்கும். கடவுச்சொல்லை ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்திருப்பார், மறந்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதற்காக. நல்ல பிள்ளை. நான் கேட்டதும் என் ஃபைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து காட்டினார். ஆனால் எனக்கு முன்னால் வந்த இருநூறு பேருடையது அங்கேயே இருந்தது. 'கடவுச்சொல்லை யாரிடமும் பகிராதீர்கள்' என்று அறிவிப்பில் ஒரு வரி போட்ட நிறுவனம், விண்ணப்பிக்க உதவ ஒரு கிளையிலாவது மேசை போட்டு ஆள் வைத்திருக்கலாம்.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. என்னால் பொறுக்க முடியாதது அடுத்த வருடம் நடந்தது.

அந்தப் படிவத்தில் எனக்கென்று ஒரு கட்டம் இருந்தது: ஆதரவற்ற விதவை. பெண்களுக்கு ஒதுக்கும் 30 விழுக்காட்டு இடங்களில் 10 விழுக்காடு இந்தப் பிரிவுக்குப் போகும். அந்தச் சான்றிதழ் சுலபத்தில் கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொருவராக விசாரித்து, கடைசியில் தேவகோட்டையில் கையெழுத்தானது. நான் விண்ணப்பித்தபோது இருந்த விதிப்படி, எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மறுமணம் செய்திருக்கக் கூடாது. இந்த ஒதுக்கீடு இல்லையென்றால் எனக்கு இந்த வேலை இல்லை. அதைக் கேட்டு வாங்கியதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்தப் பெண்ணுக்குக் கணவர் இல்லை, கையில் காசு இல்லை, வேறு துணையும் இல்லை. தனியாக ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிற பெண்ணைப் பற்றி ஊரார் அறியக் கூடாத மூன்று செய்திகளும் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் கொடுத்தேன்.

2022 மார்ச்சில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் வந்தது. பி.டி.எஃப். வரிசை எண், பதிவெண், பெயர், பிறந்த தேதி, வகுப்பு, சிறப்புப் பிரிவு, ஊர், செல்போன் எண். அலுவலகத்துக்குள் வைத்திருந்த எக்செல் தாளில் ஒரு நெடுவரிசையைக்கூட மறைக்காமல் அப்படியே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றியிருக்கிறார்கள். என் பெயருக்கு நேரே சிறப்புப் பிரிவில் 'டி.டபிள்யூ.' என்று இரண்டு எழுத்து, ஆதரவற்ற விதவை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். அதற்கு என்ன அர்த்தம் என்று தேர்வுக்குப் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

பட்டியலில் என் பெயர் இருந்ததைப் பார்த்து அன்றைக்கு அழுதேன், சந்தோஷத்தில். ஐந்தாம் நாள் முதல் போன் வந்தது. சரிபார்ப்பில் கோளாறு வராமல் பார்த்துக்கொள்கிறேன், மூன்று லட்சம் ஆகும், பாதி இப்போது பாதி ஆர்டர் வந்த பிறகு என்றான் ஒருவன். என் பதிவெண்ணைச் சொன்னான், பிறந்த தேதியைச் சொன்னான். இவ்வளவும் தெரிந்தவன் உள்ளே இருக்கிற ஆளாகத்தான் இருப்பான் என்று யாருக்கும் தோன்றும். என் அண்ணன் கூட இருந்ததால் தப்பித்தேன். பட்டியலில் இருந்த இன்னொரு பெண் நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சரிபார்ப்பு நாளில் என்னிடம் சொன்னார்.

அப்புறம் கடன் கொடுக்கிறவர்கள். அப்புறம் ஒரு திருமணத் தரகர். "மேடம், நீங்க தனியா இருக்கீங்கன்னு தெரியும், நல்ல இடம் ஒண்ணு இருக்கு" என்றார். எங்கிருந்து நம்பர் கிடைத்தது என்று கேட்டால் தெரிந்தவர் கொடுத்தார் என்றார். அவர் என் பெயரைச் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் என் இனிஷியல் அப்பாவுடையது, எஸ். அந்தப் பட்டியலில் மட்டும்தான் கணவர் பெயருக்கான கட்டத்திலிருந்து எடுத்து கே. என்று போட்டிருந்தார்கள். தரகர் என்னைக் கே. போட்டுத்தான் கூப்பிட்டார். இரவு பதினோரு மணிக்கு மேல் வந்த அழைப்புகளைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

நம்பரை மாற்றிவிட வேண்டியதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்ற முடியாது. தேர்வு முடியும்வரை பதிவுசெய்த எண்ணை மாற்றக் கூடாது, எல்லாத் தகவலும் அதற்குத்தான் வரும் என்று அதே நிறுவனத்தின் அறிவிப்பில் இருந்தது. நேர்முகத் தேதி அதில்தான் வர வேண்டும். பதினான்கு மாதம் அந்த போனை இரவில் அண்ணன் வீட்டில் கொடுத்து வைத்தேன்.

மகளின் பள்ளி வாசலில் ஒரு அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்க பேரைப் போட்டுத் தேடினா ஒரு லிஸ்ட் வருதே, அது நீங்கதானா?" வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். முதல் முடிவே அந்தப் பட்டியல்தான். படிப்பில் வாங்கிய பரிசு, எழுதிய கட்டுரை எதுவும் இல்லை.

மனு எழுதினேன். சித்தப்பா மகன் வக்கீல். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னதை முதல் பத்தியில் சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன். ஒன்றரை மாதம் பதில் இல்லை. நேரே போனேன். பிரிவு அலுவலர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். மரியாதையில் குறையே இல்லை.

"அம்மா, வெளிப்படையாப் போடலைன்னா நாளைக்கே கோர்ட்டுக்குப் போவாங்க. காசு வாங்கிட்டு ஆளை எடுத்துட்டோம்னு சொல்வாங்க. உங்களுக்கு முன்னாடி நடந்த தேர்வுல அதுதான் நடந்துச்சு."

"சார், பதிவெண்ணும் வகுப்பும் மார்க்கும் போடுங்க. பேரும் போன் நம்பரும் எதுக்கு?"

"இதுவரைக்கும் இப்படித்தான் போட்டுட்டு வர்றோம்."

அவர் சொன்னதில் முதல் பாதியை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். என் பிரிவில் ஒரு இடம் தகுதியில்லாதவருக்குப் போயிருந்தால் அதைக் கேள்வி கேட்க எனக்கு ஆதாரம் வேண்டும். புனே மாவட்ட நீதிமன்றத்தின் இளநிலை எழுத்தர் தேர்வில் மற்றவர்களின் மதிப்பெண்ணை ஒரு விண்ணப்பதாரர் கேட்டபோது, கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பொது வேலைக்கு ஆளெடுப்பது மூடிய அறைக்குள் நடக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதற்கு வேண்டியது பதிவெண், பிரிவு, மதிப்பெண், தரவரிசை. எத்தனையோ தேர்வு முடிவுகள் பதிவெண் மட்டும் போட்டு வருகின்றன, யாரும் குறை சொல்வதில்லை. பதிவெண் யாருடையது என்பது அந்த ஆளுக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும். சந்தேகம் இருப்பவர் எழுத்தில் கேட்டால் அந்த ஒருவரின் சான்றிதழை மட்டும் சரிபார்க்கலாம். என் போன் நம்பரை ஊருக்குச் சொன்னதால் தேர்வில் எந்த நேர்மை கூடியது?

பட்டியலை எடுத்துவிடுகிறோம் என்று அவர் சொல்லவில்லை. மேலே எழுதுகிறேன் என்றார்.

அன்றைக்குப் படி இறங்கும்போது இன்னொன்றையும் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே சணல் சாக்குகள். அதற்கு முந்தைய தேர்வுக்குத் தபாலில் வந்து நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள். ஒரு சாக்கு வாய் பிரிந்து, போட்டோ ஒட்டிய தாள்கள் வெளியே சரிந்து கிடந்தன. சான்றொப்பமிட்ட சாதிச் சான்றிதழ் நகல், டி.சி. நகல், சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. எப்போது கழிப்பீர்கள் என்று கேட்டதற்கு, பழைய பேப்பர் ஏலம் வரும்போது எடைக்குப் போகும் என்றார் அலுவலக உதவியாளர். சின்ன வயதில் எங்கள் தெருச் சுண்டல் பொட்டலத்தில் யாரோ ஒருவரின் மதிப்பெண் பட்டியலைப் பிரித்து வைத்துப் படித்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு அலுவலகத்துக்குக் காகிதம் கிழிக்கும் இயந்திரம் ஒன்று பெரிய செலவா?

2023 ஜூனில் பணி ஆணை வந்தது.

உள்ளே போன பிறகு நான் கண்டதை எதிர்பார்க்கவில்லை. எஸ்.ஆர். என்று நாங்கள் சொல்லும் பணிப்பதிவேடுகள் இருக்கிற பதிவறையை ஒரு அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. இரும்பு அலமாரி, இரண்டு பூட்டு, ஒரு சாவி அவரிடம், இன்னொன்று கண்காணிப்பாளரிடம். யாருடைய எஸ்.ஆர். எந்த நாளில் எதற்காக வெளியே போனது, எப்போது திரும்பியது என்று ஒரு நோட்டு. ஒருமுறை மேலதிகாரி ஒருவர் தன் உறவினரின் மருமகளாக வரப்போகும் பெண்ணின் எஸ்.ஆரைச் சும்மா பார்க்கக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "எழுத்துல குடுங்க சார், எடுத்துத் தர்றேன்" என்றார் அண்ணன். குரலை உயர்த்தவே இல்லை. அதிகாரி எழுதித் தரவில்லை, போய்விட்டார். எங்கள் அலுவலகத்தில் தகவல் பாதுகாப்புக்கு என்று யாரும் பயிற்சி நடத்தியதில்லை. அண்ணனுக்கு அது தேவையும் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எஸ்.ஆரைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார். என் மகளின் பிறந்த தேதியில் மாதம் தவறாக இருந்தது. பிறப்புச் சான்றிதழ் காட்டினேன், அன்றைக்கே சிவப்பு மையில் திருத்திச் சுருக்கொப்பம் போட்டார்கள். ரகசியக் குறிப்பு என்று ஒரு காலத்தில் ஊழியருக்கே காட்டாமல் வைத்திருந்த ஆண்டு மதிப்பீடும் இப்போது நம் பார்வைக்கு வருகிறது. நல்லதோ கெட்டதோ, எல்லாப் பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பலன் அது. என்னைப் பற்றி அவர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, நாலு வருடம் தெரியாமல் இருந்த பிறகுதான் உணர்ந்தேன்.

இந்த நிறுவனத்துக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்லும் சம்பவம் 2024-இல் நடந்தது. என் கணவர் வீட்டாருக்கும் எனக்கும் ஒரு வீட்டடி மனை விஷயமாக மனத்தாங்கல். அந்தப் பக்கத்து உறவினர் ஒருவர் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டார். என் சம்பளம் எவ்வளவு, என் பணிக்கொடைக்கு யாரை நியமனதாரராகப் போட்டிருக்கிறேன், குடும்ப விவரத்தில் யார் யார் பெயர் கொடுத்திருக்கிறேன், மறுமணம் செய்ததாகத் தகவல் உண்டா, எந்தெந்த நாளில் என்ன காரணத்துக்கு விடுப்பு எடுத்தேன். ஐந்து கேள்வி.

எனக்கு இது தெரியவே வழியில்லை. ஆனால் மனு வந்த நாலாம் நாள் பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து எழுத்தில் அறிவிப்பு வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருக்கிறது. மூன்றாம் நபர் ஒருவர் இரகசியமாகக் கருதிக் கொடுத்த தகவலை யாராவது கேட்டால், ஐந்து நாளுக்குள் அந்த மூன்றாம் நபருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் பத்து நாளுக்குள் தன் கருத்தைச் சொல்லலாம். அந்த அலுவலர் மேடம் போனிலும் கூப்பிட்டார்.

"பத்து நாள் இருக்கும்மா, நிதானமா எழுதுங்க. ஆனா எழுதாம மட்டும் விட்டுறாதீங்க."

ஒரு பக்கம் எழுதினேன். சம்பளத்தைச் சொல்லிவிடுங்கள், ஆட்சேபம் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். பொது ஊழியர்களின் மாதச் சம்பளத்தை அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி கேட்காமலே வெளியிட வேண்டும், அது மக்கள் பணம். மற்ற நாலும் என் வீட்டு விஷயம். மனுதாரருக்குப் போன பதிலின் நகல் எனக்கும் வந்தது. பதவியும் ஊதிய விகிதமும் கொடுத்திருந்தார்கள். நியமனதாரர், குடும்பம், விடுப்புக் காரணம் எல்லாம், தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கும் 8(1)(ஜே) பிரிவில் மறுக்கப்பட்டிருந்தன. கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மேற்கோள் காட்டியிருந்தார் மேடம். ஊழியருக்குக் கொடுத்த மெமோ, தண்டனை, வருமான வரிக் கணக்கு போன்றவை தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால் ஒழிய வெளியே கொடுக்க வேண்டாம் என்ற தீர்ப்பு அது. உறவினர் மேல்முறையீடு செய்தார், அங்கேயும் அதே முடிவு. அந்த நகலை மகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு அன்று இரவு என் பெயரைத் திரும்பத் தேடினேன். 2022 பட்டியல் அப்படியே இருந்தது. மறுமணம் செய்தேனா என்று ஒரு உறவினர் கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்த அதே அலுவலகம், நான் விதவை என்பதை உலகத்துக்கே போன் நம்பரோடு திறந்து வைத்திருக்கிறது. உள்ளே வந்தவர்களுக்கு இரண்டு பூட்டுப் போட்ட அலமாரி. வாசலில் நிற்கிறவர்களுக்கு அது கிடையாது. நான் அதே பெண்தான். இடையில் மாறியது ஒரு பணி ஆணை.

உள்ளேயும் எல்லாம் அலமாரி மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது, 140 பேர். அடையாள அட்டை அடிப்பதற்காக எல்லோருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு, ரத்த வகை உள்ள தாளை 'சரிபார்த்துக்கொள்ளவும்' என்று ஒருநாள் அதில் போட்டுவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னேன். "நம்ம ஆளுங்கதானே மேடம்" என்றார்கள். அந்த 140 போன்களும் எத்தனை வீட்டில், எத்தனை பேர் கையில் இருக்கும்?

இன்னொன்று மருத்துவ விடுப்பு. என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்குக் கருப்பை எடுத்தார்கள். விடுப்பு அனுமதிக்கும் செயல்முறை ஆணையில் அறுவை சிகிச்சையின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்து, நகல் ஆறு இடத்துக்குப் போனது. தபால் பிரிவு, கணக்குப் பிரிவு, கிளை அலுவலகம் என்று. அக்கா திரும்பி வந்த அன்று அவரோடு பேசத் தெரியாமல் ஆண் ஊழியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'மருத்துவக் காரணத்தால் 45 நாள்' என்று இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? எச்.ஐ.வி. இருப்பவர்களின் விவரத்தைக் காக்க 2017-இல் தனிச் சட்டமே வந்தது. பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக் கூடாது என்று 2013 சட்டத்தில் இருக்கிறது, எங்கள் அலுவலகக் குழு அந்தக் கோப்புகளை முத்திரையிட்டுத்தான் வைத்திருக்கிறது. சட்டம் பெயர் சொல்லிக் கேட்ட இடத்தில் கவனமாக இருக்கிறார்கள். அக்காவின் கருப்பையைப் பற்றி எந்தச் சட்டமும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இதற்காகவே உட்கார்ந்து படித்தேன். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து ஒன்றரை வருடம் அவகாசம். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்தபோது மனதுக்குத் தெம்பாக இருந்தது. 17-ஆம் பிரிவுக்கு வந்தபோது அது குறைந்துவிட்டது. வாங்கிய நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்ற கடமையும், அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அரசு நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று அதில் இருக்கிறது. தனியார் கம்பெனி ஒன்றில் விண்ணப்பித்திருந்தால் என் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று கேட்க வழி உண்டு. என்னைப் பற்றி எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிற அரசு நிறுவனத்திடம் அப்படிக் கேட்க முடியாது. இது சரியில்லை. எனக்கு என் எஸ்.ஆரை அழிக்க வேண்டாம், ஓய்வூதியம் வரை அது தேவை. நாலு வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன ஒரு தேர்வின் அழைப்புப் பட்டியல் யாருக்குத் தேவை?

அதே சட்டம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே) பிரிவையும் சுருக்கிவிட்டது. முன்பு அந்தப் பிரிவிலேயே பொதுநலனை எடைபோடச் சொல்லியிருந்தது. இப்போது தனிப்பட்ட தகவல் என்று சொன்னாலே மறுக்கலாம், பொதுநலன் என்று வாதாட 8(2) பிரிவுக்குப் போக வேண்டும். என்னைக் காப்பாற்றிய பிரிவு இன்னும் பலமாகிவிட்டதே என்று சித்தப்பா மகனிடம் சொன்னேன். "அக்கா, நாளைக்கு உன் இடத்தை வேற யாருக்காவது குடுத்தா அவங்க சர்டிபிகேட்டையும் இதே காரணம் சொல்லித் தர மாட்டாங்க" என்றான். அவன் சொன்னது உள்ளே தைத்தது. எனக்கு இரண்டும் வேண்டும். தேர்வு திறந்து இருக்க வேண்டும், தேர்வுக்கு வந்த பெண்ணின் வீட்டுக் கதவு மூடியிருக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் நிறுவனத்தின் அடுத்த தேர்வுக்கு அழைப்புப் பட்டியல் வந்தது. இரவு மகள் தூங்கிய பிறகு திறந்து பார்த்தேன். செல்போன் நெடுவரிசை இல்லை. ஊரும் இல்லை. நான் 2022-இல் கொடுத்த மனுவாலா, கணினிப் பிரிவுக்கு வந்திருக்கும் புதுத் தம்பியாலா, தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி. பெயரும் டி.டபிள்யூ.வும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருந்தன. எண்ணிப் பார்த்தேன், 17 பெண்கள்.

மறுநாள் குறிப்பு ஒன்று எழுதி மேலே அனுப்பினேன். மூன்று கேட்டிருக்கிறேன்: பட்டியலில் பெயருக்குப் பதில் பதிவெண், பணி நியமனம் முடிந்ததும் பழைய பட்டியல்களை இணையத்திலிருந்து இறக்குவது, படிக்குக் கீழே இருக்கிற சாக்குகளைக் கிழித்து அழிப்பது. கோப்பு இப்போது கண்காணிப்பாளர் மேசையில் இருக்கிறது. பதிவறை அண்ணன் தினமும் அந்தப் பக்கம் போகும்போது பார்த்து வந்து சொல்கிறார்.

அடுத்த வாரம் சரிபார்ப்புக்கு வருகிறவர்களுக்கு: ஆதார் நகலை, முதல் எட்டு எண் மறைத்த வடிவில் ஆதார் தளத்திலேயே எடுத்துக் கொண்டு வாருங்கள், எங்கள் மேசையில் வாங்கிக்கொள்கிறோம். மற்ற நகல்களில் எந்தத் தேர்வுக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தேதியோடு குறுக்காக எழுதிவிடுங்கள். போனில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் சொல்லிப் பணம் கேட்கிறவன் எங்கள் அலுவலக ஆள் இல்லை, பட்டியலைப் படித்தவன்.

ஊழியராக ஐந்துக்கு நாலு நட்சத்திரம். விண்ணப்பித்தவளாக ஒன்று. கோப்பு திரும்பி வந்ததும் இரண்டாவதை மாற்றி எழுதுகிறேன்.